பனியனில் ஏறிய தீவு

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. பாம்பன் தீவு. கல்யாணமான புதிதில் இதைச் சொல்லி அழுதிருக்கிறேன். கொஞ்ச நாள் போனபின் இதையே சொல்லிச் சொந்தக்காரர்களைச் சிரிக்க வைத்தேன். என் வீட்டுக்காரர் அந்தத் தீவில் பிறந்தவர். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்து, பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசராகச் சேர்ந்து, அங்கேயே வேலை பார்த்த என்னைக் கட்டிக்கொண்டு, அவிநாசிபாளையத்தில் குடியேறியவர். ஆனாலும் காலையில் கண் விழித்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "அங்க இன்னிக்குக் காத்து எப்பிடி இருக்கோ!" என்பதுதான். பக்கத்தில் படுத்திருப்பவள் எப்படி இருக்கிறாள் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

எங்கள் பிறந்த வீட்டில் தறியும் முருகனும்தான். கடல் என்றால் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுக் கால் நனைத்தது, அவ்வளவே. அப்படிப்பட்டவளை இழுத்துப்போய் ஒரு தீவின் சரித்திரத்துக்குள் உட்கார வைத்துவிட்டார் மனிதர். அவர் ஒரு பேப்பர் நடத்தினார். மாதம் ஒருமுறை, நான்கு பக்கம், முழுக்க முழுக்கத் தீவைப் பற்றி. திருப்பூரைச் சுற்றிலும் தையலிலும் கட்டிங்கிலும் சாயப்பட்டறையிலும் வேலை செய்த தீவுக்காரர்கள்தான் அதன் வாசகர்கள். எழுதுவது அவர், பக்கம் கட்டுவது நான். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து லேபிளும் டீ-சர்ட் படங்களும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தைச் சட்டைக்கான கரடிக்குட்டி படத்தை மூடிவைத்துவிட்டு, அதே திரையில் அவருடைய தலையங்கத்தைத் திறப்பேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் எங்கள் வீட்டில் கரடிக்குட்டியும் தீவும் ஒற்றுமையாகத்தான் வாழ்ந்தன.

அவர் செய்தி சேகரித்த விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தீவிலிருந்து முந்தின நாள் கிளம்பும் பஸ் மதுரை, தாராபுரம் என்று ஊர் ஊராகத் தாண்டி, விடிகிற நேரத்தில் அவிநாசிபாளையம் வழியாகத் திருப்பூர் போகும். இவர் எங்கள் நிறுத்தத்தில் ஏறிக்கொள்வார். இடம் இருந்தாலும் உட்காரமாட்டார். கம்பியைப் பிடித்தபடி சீட் சீட்டாக நகர்ந்து, தூக்கம் கலையாத முகங்களிடம், "ஊர்ல மழை உண்டா? எந்தத் தெரு நீங்க? கெணத்துல தண்ணி ஏறிருக்கா?" என்று ஆரம்பிப்பார். திருப்பூர் வருவதற்குள் யார் வீட்டில் கல்யாணம், எந்தப் படகுக்குப் புது இன்ஜின், எந்த டீக்கடை கைமாறியது என்று அத்தனையும் சட்டைப்பைக்குள் வந்துவிடும். கண்டக்டருக்கும் பழக்கமாகிவிட்டது. இவர் தலை தெரிந்ததும், "பேப்பர்காரர் ஏறியாச்சு, எல்லாரும் எந்திரிச்சு நியூஸ் குடுங்கப்பா" என்று குரல் கொடுப்பாராம்.

ஒருநாள் பால் வாங்கப் போனவர் திரும்பவே இல்லை. வெயில் ஏறினபிறகு திருப்பூரிலிருந்து போன் வருகிறது. கையில் பால் தூக்கோடு பஸ் ஏறிவிட்டார்.

"ஏனுங்க, பால் வாங்கியாறச் சொன்னா பஸ் ஏறிப்போட்டீங்களாக்கும்?" என்றேன்.

"ஒரு பெரியவர் ஜன்னலோரமா உக்காந்திருந்தாரும்மா. அவுகளுக்குச் சண்டைக் கெணறு தெரியும்னு சொன்னாக" என்றார், அதுவே பதில் என்பதுபோல. அந்தப் பாலைக் கம்பெனியில் காய்ச்சி எல்லோரும் டீ குடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

சண்டைக் கிணறு என்ன என்று சொல்லவேண்டும். அவருடைய பைத்தியமே கிணறுகள்தான். தீவைச் சுற்றி எங்கும் உப்புத் தண்ணீர். நடுவில் அங்கங்கே நல்ல தண்ணீர் சுரக்கும் கிணறுகள். கோயில் தீர்த்தங்களைப் பற்றி ஊரில் எல்லோரும் எழுதுகிறார்கள், ஊர்க்காரன் குடித்து வளர்ந்த கிணற்றைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை என்பது அவருடைய ஆதங்கம். வாத்தியார் கிணறு, இரட்டைப் பனைக் கிணறு, கயிறு போடுவதில் இரண்டு தெருக்காரர்கள் முறைத்துக்கொண்ட சண்டைக் கிணறு என்று மாதம் ஒரு கிணற்றின் சரித்திரம் வரும். சண்டைக் கிணறு மட்டும் நான்கு மாதம் ஓடியது. சண்டை அவ்வளவு பெரிது.

எனக்குப் பட வேலை கொடுத்துக்கொண்டிருந்த பிரிண்டிங் யூனிட் முதலாளி ஒருவர் இருந்தார். பொங்கலூர்ப் பக்கத்துக்காரர், தங்கமான மனிதர். பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க, கெணறு கெடக்குதுங்க. அந்தக் காலத்துல தீவ அழிச்ச புயலப் பத்தி ஒரு தொடர் எழுதுனா என்னங்க? சனம் அடிச்சுப் புடிச்சுப் படிக்குமில்லீங்க?" என்பார்.

"புயல் ஒரு நாள் வந்துச்சுங்க. தண்ணி தெனமும் எடுக்கணும்ல?" என்பார் என் வீட்டுக்காரர்.

இந்தப் பதிலைக் கேட்கும்போது மட்டும் எனக்கு அவர்மேல் கோபமெல்லாம் போய்விடும். எங்கள் தெருவிலும் குழாய்த் தண்ணீர் வரும் நாள்தான் உண்மையான திருநாள். அன்றைக்கு நான் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன். தெருவிலிருக்கும் பெண்கள் அத்தனை பேரும் பிளாஸ்டிக் குடங்களோடு ஓடிக்கொண்டிருப்போம். தண்ணீரைப் பற்றி எழுதுகிறவன் வீண் வேலை செய்யவில்லை என்பது குடம் தூக்குகிறவளுக்குத் தெரியும்.

ஆனால் அவர் மனசில் ஒரு முள் இருந்தது. அது அவருடைய அக்கா.

அவர் அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தது அக்காதான். அதனால் அக்கா பள்ளிக்கூடமே போகவில்லை, எழுதப் படிக்கத் தெரியாது. தீவில் கடற்கரையை ஒட்டிய பனங்காட்டோரம் வீடு. கல்யாணமானதும் முதல் தடவை நாங்கள் போயிருந்தபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் அவரை "நங்கையா" என்று கூப்பிட்டேன். "நங்கையாவா? கேக்க நல்லாத்தான்த்தா இருக்கு, அப்பிடியே கூப்புடு" என்று என் கன்னத்தைத் தடவினார். என்னிடம் அவ்வளவு பிரியம். தம்பியிடம்தான் வேறு மாதிரி.

இவர் ஆசையாகப் பேப்பரை எடுத்து நீட்டினார். நங்கையா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, காயப்போட்டிருந்த கருவாட்டுக்கு அடியில் விரித்தார். இவர் விடவில்லை. "அக்கா, நீ தண்ணி எடுத்த கெணத்தப் பத்திச் சொல்லு, எழுதுறேன்" என்றார்.

"கெணத்தப் பத்திச் சொல்ல என்னடா இருக்கு? எடுத்தோம், குடிச்சோம். நீ ஊர விட்டுப் போனவன். திருப்பூர்க்காரன். இங்கன சொமந்தது நாங்க, அங்கன உக்காந்து எழுதுறது நீயா?"

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் பஸ் போகையில் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. பேப்பரை ஆயிரம் பேர் படித்தாலும் இவருக்குப் போதாது. படிக்கவே தெரியாத ஒருத்தர் அதைத் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவேண்டும். நடக்கிற காரியமா இது?

ஒவ்வொரு மாதமும் பஸ் டிரைவர் மூலமாகத் தீவுக்கு ஒரு கட்டுப் பேப்பர் அனுப்புவார். அங்கே யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை. ஒருமுறை நங்கையா கொடுத்துவிட்ட கருவாடு எங்கள் பேப்பரிலேயே பொட்டலம் கட்டி வந்து சேர்ந்தது. தலையங்கம் முழுக்கக் கருவாட்டு வாசம். இவர் அதை உதறி, நீவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "ஒரு எழுத்துப்பிழை விட்டுட்டோம் பாரு" என்றார். இந்த ஆளை என்ன செய்வது?

அப்படியிருக்கும்போதுதான் வரைபடம் போடும் யோசனை வந்தது. அதுவரை எழுதிய கிணறுகள் அத்தனையையும் ஒரே தாளில், தீவின் படத்தில் நீலப் புள்ளிகளாக, பக்கத்தில் பெயரோடு. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவது. படித்தவர், படிக்காதவர் எல்லோரும் பார்க்கலாமே என்றார். யாரை நினைத்துச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை.

மாதக்கணக்கில் அந்த வேலை நடந்தது. அவர் பென்சிலால் வரைந்து கொடுப்பார், நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஏற்றி முடிக்கும்போது பஸ்ஸில் ஒருத்தர் வேறு மாதிரிச் சொல்லியிருப்பார். புள்ளியை இழுத்து அந்தப் பக்கம் வைப்பேன். மறுநாள் இன்னொருத்தர். மறுபடி இந்தப் பக்கம். மவுசைப் பிடித்துப் பிடித்து எனக்கு விரல் வீங்கியதுதான் மிச்சம்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "ஏனுங்க, இத்தன கெணறு போட்டாச்சு. எல்லாத்தையும் ஆம்பளைங்கதான் சொல்லியிருக்காங்க. தண்ணி எடுத்த ஒரு பொம்பளைகிட்டக் கேட்டீங்களா?"

"பொம்பளைக பஸ்ல முக்காடு போட்டுத் தூங்குவாக. எழுப்பிக் கேக்க முடியுமா?" என்றார்.

நியாயம்தான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

வரைபடத்தைக் கலரில் அடிக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது யூனிட் முதலாளி தானாக வந்தார். "நம்ம யூனிட்டுல அடிச்சுத் தாறனுங்க. தீவாளிக்கு என்ற சார்பா இருக்கட்டுங்க" என்றார். அவருடைய யூனிட்டில் அடிப்பது டிரான்ஸ்பர் ஸ்டிக்கர். அதாவது படத்தைத் துணியில் நேராக அடிக்காமல் முதலில் ஒரு தாளில் அடிப்பார்கள். அந்தத் தாளைச் சட்டையின் மேல் கவிழ்த்துச் சூடான மிஷினில் அழுத்தினால் படம் துணிக்குப் போய்விடும். கவிழ்த்துப் போடுவதால், தாளில் எல்லாமே இடம் வலமாக மாறித்தான் இருக்கும். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. இந்த ஒருதடவை மட்டும் சும்மா தாளாகவே, நேராக அடிக்கவேண்டும் என்று முதலாளியிடம் சொல்லி பைலைக் கொடுத்தோம். அவரும் சரி என்று தலையாட்டி உள்ளே சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கட்டு வந்தது. இவர் குளித்து, வேட்டி மாற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பிரித்தார். நான் காபியோடு வந்து எட்டிப் பார்த்தேன். தீவு தலைகீழாக இல்லை, ஆனால் பாலம் கிழக்கே இருந்தது. கிழக்கே போகவேண்டிய மணல் முனை மேற்கே நீண்டு இராமநாதபுரத்தை இடித்துக்கொண்டிருந்தது. எழுத்தெல்லாம் புறமுதுகு காட்டி நின்றது. ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசித் தாள் வரைக்கும் அப்படியே.

யூனிட்டுக்கு ஓடினோம். பிரிண்டிங் டேபிளில் இருந்தவர்கள் விஷயம் புரியாமல் பார்த்தார்கள். என்னிடமிருந்து வந்த பைல் என்றதும், பிலிம் எடுப்பவர் வழக்கம்போலப் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார். யாருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. தினமும் திருப்பிப் போட்ட எழுத்தையே பார்த்துப் பார்த்து, அந்தக் கண்களுக்கு அதுதான் நேர். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லித்தானுங்க போனேன். ஆனா இந்த யூனிட்டு ஆரம்பிச்ச நாள்லயிருந்து நாங்க எதையும் நேரா அடிச்சதே இல்லீங்க" என்றார். பாவம், அழுதுவிடுவார் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் அங்கே கிடந்த துணிமூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "விடும்மா. நான் பாத்த தீவே இப்பிடித்தான் போலருக்கு, எல்லாம் அங்கிட்டு இங்கிட்டு மாறி. அக்கா சொன்னது சரிதான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. துக்கமல்ல, ஆத்திரம். என் விரல் வீங்கியதற்கு இந்த ஆள் இப்படியா பேசுவது? கையிலிருந்த தாளைத் தேய்த்துப் பார்த்தேன். கையில் பட்ட சொரசொரப்பு வேறாக இருந்தது. தாளுக்கு அடிக்கும் மை இல்லை அது, துணிக்கு அடிக்கும் மை. திருப்பிப் போட்டவர்கள் மையையும் மாற்றாமல்தான் அடித்திருக்கிறார்கள். தப்பை முழுசாகச் செய்ததில் ஒரு நன்மை.

"அண்ணா, ஒரு செகண்ட்ஸ் பீஸ் குடுங்க" என்றேன் முதலாளியிடம். தையல் கோணலாகி ஒதுக்கிய வெள்ளைப் பனியன் ஒன்றைக் கொடுத்தார்கள். அதை மிஷினில் விரித்து, வரைபடத்தைக் கவிழ்த்து, மேல்தட்டை இறக்கினேன். சூட்டு வாசம் வந்தது. தாளை உரித்தேன். தீவு நேராக எழுந்து வந்தது. பாலம் மேற்கே, முனை கிழக்கே, சண்டைக் கிணறு அதன் இடத்தில், எழுத்தெல்லாம் நம்மைப் பார்த்து. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. அன்று பயமும் சேர்ந்திருந்தது.

இவர் எழுந்து வந்து, சூடு ஆறாத பனியனை அப்படியே சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். முதலாளி கைதட்டினார். பிலிம் எடுக்கிறவர், "நாங்க செஞ்சது சரிதானுங்களே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்ததில் மிஷின் சத்தம் கேட்கவில்லை.

அந்தத் தீபாவளிக்குத் தீவுக்காரர்கள் வரைபடத்தைக் கையில் கொண்டுபோகவில்லை, மார்பில் போட்டுக்கொண்டு போனார்கள். செகண்ட்ஸ் பனியன்கள் என்பதால் ஒருத்தருக்குக் கை நீளம், ஒருத்தருக்குக் கழுத்து கோணல். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? ஊருக்குப் போகும் பஸ்ஸை வழியனுப்ப நாங்கள் நிறுத்தத்துக்குப் போயிருந்தோம். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு தீவு கையசைத்துக்கொண்டு போனது.

தீபாவளி முடிந்து பஸ் திரும்பிய முதல் விடியலில் இவரோடு நானும் ஏறினேன். என்ன ஆனது என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏறியதும் இவரைக் கேள்வி கேட்கவே விடவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தீவில் பனியனைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கவே முடியவில்லையாம். டீக்கடையில், மீன் ஏலத்தில், சர்ச் வாசலில், கோயில் வாசலில் நிறுத்தி வைத்து, "இந்தக் கெணறு இங்கன இல்லப்பா, இதுக்கு மேக்கால" என்று ஆளாளுக்கு விரலை வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

"குத்திக் குத்தி நெஞ்செல்லாம் வலிக்குதுண்ணே. அடுத்த தடவ முதுகுல அடிச்சுக் குடுங்க" என்றார் ஒருத்தர்.

இவர் சிரித்துக்கொண்டே எழுதினார். பஸ் குலுக்கியதில் பாதி எழுத்து அவருக்கே புரிந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு முகமாகத் தேடியதையும் நான் பார்த்தேன். நங்கையாவின் தெருவைச் சேர்ந்த ஒரு பெண், திருப்பூரில் டெய்லர் வேலை செய்பவர், கடைசி சீட்டில் இருந்தார். அவர் மட்டும் பனியனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஓலைப்பெட்டி ஒன்றை நீட்டி, "அக்கா குடுத்துவிட்டாங்க. கருவாடு" என்றார். இவர் வாங்கிக்கொண்டார். வேறெதுவும் சொன்னார்களா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிட்டார்.

அன்று கிருத்திகை. எங்கள் பிறந்த வீட்டு வழக்கம் இன்றைக்கும் என்னிடம் உண்டு, கிருத்திகையன்று மீன் வாசம் வாசல்படி தாண்டக் கூடாது. முருகன் கோபித்துக்கொள்வாரோ இல்லையோ, என் அம்மா கோபித்துக்கொள்வார். ஓலைப்பெட்டியைப் பிரிக்காமலே கொல்லையில் முருங்கைமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டோம். மறுநாள் காலையில் பார்த்தால் பூனை எப்படியோ ஏறிப் பெட்டியைக் கீழே தள்ளி, பாதிக் கருவாட்டை ஒரு வழி பண்ணியிருந்தது. பூனையை விரட்டிவிட்டு மிச்சத்தைப் பொறுக்கப் போனபோதுதான், கருவாட்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைத்துணி என் கண்ணில் பட்டது.

எங்கள் பனியன். டெய்லர் பெண்ணுக்குக் கொடுத்ததை நங்கையா கேட்டு வாங்கிக்கொண்டாராம், அது பிறகு தெரிந்தது. நான் அதை உதறி விரித்தேன். வரைபடத்தில் கடற்கரையை ஒட்டிக் கொஞ்சம் கடல் பக்கமாக, நாங்கள் எந்தப் புள்ளியும் வைக்காத இடத்தில், சிவப்பு நூலால் ஒரு வட்டம் தைத்திருந்தது. அடர்த்தியான தையல், முடிச்சு முடிச்சாக. அளவென்று ஒன்றும் கிடையாது. கோயிலைவிடப் பெரிய வட்டம்.

"ஏனுங்க!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கூட ஓடி வந்துவிட்டார்.

இவர் வந்து பார்த்தார். பூனை பிறாண்டிய இடத்தைத் தள்ளி, அந்தச் சிவப்பு வட்டத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். பல் தேய்க்கும் பிரஷ் வாயிலேயே இருந்தது.

"பொம்பளைகிட்டக் கேளுங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேனில்லீங்க?" என்றேன். இப்படி ஒரு சந்தர்ப்பத்தை எந்தப் பெண்டாட்டி விடுவாள்?

சாயங்காலம் நங்கையாவின் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அவரை அழைக்கச் சொன்னோம். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டார், எனக்கும் கேட்கவேண்டும் என்று. அக்கா வந்தார். இவருடைய பத்திரிகைக்காரப் புத்திதான் முன்னால் வந்தது.

"அக்கா, தச்சிருக்கியே, அது கடலுக்குள்ள இருக்கு" என்றார்.

"கடலுக்குள்ள யாருடா கெணறு வெட்டுவா? ஒருவாட்டி தொவைச்சுட்டுத் தச்சேன். உங்க திருப்பூர்த் துணி சுருங்கிப்போச்சு. எங்க ஊரு அப்பிடியேதான் கெடக்கு" என்றார் நங்கையா.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். துவைத்ததில் சுருங்கிய பனியனைப் பற்றிச் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன் புகார் சொன்னால் கம்பெனியே நடுங்கும். அக்காவின் புகாருக்கோ இவர் முகத்தில் அவ்வளவு மலர்ச்சி.

"என்ன கெணறுக்கா அது? எங்கிட்ட யாருமே சொல்லலியே."

"அது கெணறே இல்லடா, ஊத்து. பனங்காட்டுக்குக் கீழ மணலத் தோண்டிச் செரட்டையால மோப்போம். பொம்பளைக மட்டுந்தான் போவோம். ஆம்பளைகளுக்கு அது எப்பிடித் தெரியும்? போன்ல என்னத்தச் சொல்ல. பொங்கலுக்கு வா. வந்து சொமக்குறதுன்னா சொல்றேன்."

போனை வைத்ததும் அவர் நேராக யூனிட்டுக்குக் கிளம்பினார். புது ஊற்றையும், பஸ்ஸில் சொன்ன திருத்தங்களையும் சேர்த்து மறுபடி அடிக்கவேண்டும் என்றார். முதலாளி இந்தத் தடவை எழுந்து நின்றே கேட்டார். "ஏனுங்க, நானே பக்கத்துல நின்னு பாக்கறனுங்க. நேராத்தானுங்களே அடிக்கோணும்?"

"வேணாங்க. திருப்பியே அடிங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

பொங்கலுக்குப் போனோம். மறுநாள் பொழுது விடிந்ததும் நங்கையா எங்களை எழுப்பி, தம்பி கையில் இரண்டு குடங்களையும் எனக்கு ஒரு சிரட்டையையும் கொடுத்து, தானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு நடக்கவிட்டார். புதிதாக அடித்த பனியனைத்தான் இவர் போட்டிருந்தார். சட்டைப்பை இல்லாத பனியன், அதனால் பேனாவைக் காதில் சொருகியிருந்தார். பனங்காடு தாண்டி மணல் இறங்குகிற இடத்தில் நங்கையா குந்தி உட்கார்ந்து கையாலேயே தோண்டினார். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் குழியில் தண்ணீர் ஊறியது. ஒரு சிரட்டை மொண்டு என்னிடம் நீட்டினார். குடித்தேன். இனித்தது என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். உப்பு இல்லை, அதுவே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

குடங்கள் நிறைந்ததும் இவர் தன் இரண்டில் ஒன்றைத் தோளிலும் ஒன்றைக் கையிலுமாகத் தூக்கி நின்றார். பழக்கமில்லாததால் தண்ணீர் அலம்பிப் பனியன் நனைந்து, தீவு உடம்போடு ஒட்டிக்கொண்டது. "இப்பச் சொல்லுக்கா. இது எப்பயிருந்து இருக்கு, யாரு கண்டுபிடிச்சது?" என்று அந்த நிலையிலும் பேட்டியை ஆரம்பித்தார்.

நங்கையா அவருக்கு முன்னால் வந்து நின்று, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஈர விரலை அவர் நெஞ்சில், புதிதாக வைத்த புள்ளியின் மேல் வைத்து அழுத்தினார்.

"யாரு கண்டுபிடிச்சாகன்னு எனக்கு என்னடா தெரியும். இங்கனதான் உன்ன மணல்ல எறக்கி விட்டுட்டு நான் தண்ணி மோப்பேன். நீ மண்ணத் திம்ப. வாய்க்குள்ள வெரல விட்டு எடுப்பேன். எழுதிக்க."

சொல்லிவிட்டுத் தன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். இவரால் எழுத முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கைகள் இரண்டும் குடத்தில் இருந்தன. நங்கையா திரும்பிப் பார்ப்பதற்குள் நான்தான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.